யானையின் தீனிக் கணக்கு

பானட் மேல் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது.

காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தைய நாள் போனில் இரண்டு தடவை கேட்டுக்கொண்டிருந்தேன். "கழுவறதுக்காக இப்பத்தான் சார் கொஞ்சம் நகர்த்தி வெச்சேன்" என்றார் விற்க வந்தவர். கார் பார்க்க அவ்வளவு அழகு. கருநீலம், புதிதாக மெருகு ஏற்றிய பெயின்ட், உள்ளே பழுப்பு நிறத் தோல் இருக்கைகள். கேட்ட விலையும் நான் மனதில் வைத்திருந்ததைவிடக் குறைவு. ஆனால் நாலடி நகர்த்தி வைத்த வண்டியின் பானட் அப்படிச் சுடாது. கால் மணி நேரமாவது இன்ஜின் ஓடியிருக்க வேண்டும். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அவர் பின்னாலேயே வந்து விலையை இன்னும் குறைத்தார். குறைக்கக் குறைக்க எனக்கு உறுதி கூடியது.

இரவு முழுக்க நின்ற இன்ஜினில் எண்ணெய் எல்லாம் அடியில் இறங்கிவிடும். சாவியைத் திருப்பிய முதல் இரண்டு மூன்று விநாடிகளில்தான் அது மறுபடி மேலே ஏறிப் பரவுகிறது. வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது டைமிங் செயின். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பெரும்பாலான இன்ஜின்களில் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. செயின் நீண்டிருந்தால், டென்ஷனர் தளர்ந்திருந்தால், அந்த இரண்டு மூன்று விநாடிகள் கரகரவென்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு அடங்கிவிடும். வால்வு சீல் தேய்ந்திருந்தால் முதல் முறுக்கில் புகைக்குழாயிலிருந்து நீலப் புகை ஒரு கொத்தாக வரும், அதுவும் அடங்கிவிடும். சூடான இன்ஜின் இரண்டையும் மறைத்துவிடும். பழைய கார் வாங்கப் போகிறவருக்குக் கிடைக்கும் உண்மையான சாட்சியம் அந்தச் சில விநாடிகள்தான். அதை முன்கூட்டியே செலவழித்துவிட்ட ஒருவரிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

நான் தேடிக்கொண்டிருந்தது காம்பாக்ட் எக்ஸிகியூட்டிவ் செடான் என்று சொல்லப்படும் வகை, அதாவது சொகுசுக் கார்களில் அளவில் சிறியது. 1975-இல் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் வந்தது. 1982-இல் மெர்சிடிஸ் 190 வந்தது, அதன் இடத்தில் 1993-இல் சி-கிளாஸ். ஆடி 80 போய் 1994-இல் ஏ4. பிறகு லெக்சஸ் ஐஎஸ், வால்வோ எஸ்60, ஜாகுவார் எக்ஸ்இ, ஆல்ஃபா ரோமியோ ஜூலியா என்று வரிசை நீண்டது. காம்பாக்ட் என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர, முதல் 3 சீரிஸ் சுமார் 4.36 மீட்டர் நீளம், 2018-இல் அறிமுகமான ஏழாம் தலைமுறை 4.7 மீட்டரைத் தாண்டிவிட்டது. ஆனாலும் இந்த வகையின் அடிப்படை மாறவில்லை. பெரிய, விலை உயர்ந்த அண்ணன் காருக்காக உருவாக்கிய சஸ்பென்ஷன் அறிவு, கியர்பாக்ஸ், இன்ஜின், சத்தத்தை அடக்கும் வித்தை எல்லாம் தம்பிக்கும் கிடைக்கும். இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 3 சீரிஸிலும் உண்டு, 7 சீரிஸிலும் உண்டு. தம்பியிடமிருந்து அண்ணனுக்குப் போனதும் உண்டு: 190 காரின் பின் சக்கரத்துக்கு மெர்சிடிஸ் அமைத்த ஐந்து இணைப்புச் சஸ்பென்ஷன் பின்னாளில் அந்தக் கம்பெனியின் பெரிய கார்களுக்கும் போனது.

இப்படிப்பட்ட கார் ஐந்தாறு வருடத்தில் ஒரு சாதாரணப் புதுக் காரின் விலைக்கு, சில சமயம் அதற்கும் கீழே வந்துவிடுகிறது. ஏன் இந்தச் சரிவு என்று கேட்டால் காரணங்கள் தெளிவானவை. இவற்றைப் புதிதாக எடுப்பவர்களில் பலர் நிறுவனங்கள். குத்தகைக் காலம் முடிந்ததும் மூன்று நான்கு வருடத்தில் கொத்தாகச் சந்தைக்கு வரும். புதிது வாங்கும் சக்தி உள்ளவருக்கு அடுத்த மாடல் மேல்தான் கண். வாரன்ட்டி முடிந்த காரைத் தொடப் பயப்படுகிறவர்கள் ஏராளம். விற்பவர் கூட்டம் பெருகி, வாங்குபவர் கூட்டம் சுருங்கினால் விலை இறங்கத்தானே செய்யும்.

கடைசியாகச் சொன்ன அந்த வாரன்ட்டி பயம் நியாயமானது. இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று கேட்பார்களே, அந்தக் கேள்வியை இங்கே அப்படியே வைக்கலாம். யானையின் விலை பாதியானால் அதன் பசி பாதியாவதில்லை. காரும் அப்படித்தான். கார் பாதி விலைக்கு வந்துவிட்டது என்பதற்காக அதன் ரேடியேட்டர் பாதி விலைக்கு வராது. புதிதாக இருந்தபோது அதன் ஹெட்லைட்டுக்கு என்ன விலையோ, ஏறக்குறைய அதே விலைதான் பத்தாவது வருடத்திலும். சில பாகங்களுக்குக் கூடியிருக்கும். ஆகவே விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையை நான் காரின் விலையாக எடுத்துக்கொள்வதில்லை, நுழைவுக் கட்டணமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். முதல் ஓனர் கொடுத்த விலைக்கு ஏற்ற பராமரிப்பைத்தான் கார் மூன்றாவது ஓனரிடமும் கேட்கும். இதிலிருந்து ஒரு தேடல் முறை தானாகவே வந்துவிடுகிறது: இதுவரை யார் அந்தத் தீனியை ஒழுங்காகப் போட்டு வந்திருக்கிறார்களோ, அவர்களுடைய காரைத் தேடு.

எனக்கு இதைப் புரிய வைத்தவர் என்னுடைய மெக்கானிக் அண்ணன். நாற்பது வருடமாகக் காருக்கு அடியில் படுத்து எழுந்தவர். நான் ஒரு நாள் ஏழெட்டு விளம்பரங்களைப் போனில் வரிசையாகக் காட்டினேன். எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "தம்பி, எல்லாம் போட்டோவா இருக்கே, பில்லு எங்க?" என்றார்.

பில் இருந்தால் போதுமா என்றால், எதற்கான பில் என்று படிக்கத் தெரிய வேண்டும். ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒவ்வொரு வியாதி உண்டு. அது அந்தக் காரை வைத்திருப்பவர்களுக்கும் பழுது பார்ப்பவர்களுக்கும் நன்றாகத் தெரிந்த விஷயம். பிஎம்டபிள்யூவின் என்47 என்ற நாலு சிலிண்டர் டீசல் 2007-இல் வந்தது. அதில் டைமிங் செயின் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக அமைந்திருக்கிறது. முதல் சில வருடத்து இன்ஜின்களில் அது தேய்வது பரவலாகத் தெரிந்த குறை. செயினின் விலை பெரிதல்ல. அதை எட்டிப் பிடிக்க கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்க வேண்டும், செலவெல்லாம் அங்கேதான். அதே கம்பெனியின் என்20 பெட்ரோல் இன்ஜினில் செயினை வழிநடத்தும் பிளாஸ்டிக் தண்டவாளம் பொடிந்தது. ஆடியின் 2.0 டிஎஃப்எஸ்ஐ பெட்ரோல் இன்ஜினில் சுமார் 2008 முதல் 2011 வரை வந்தவை பிஸ்டன் ரிங் காரணமாக எண்ணெய் குடித்தன. மெர்சிடிஸின் எம்271 பெட்ரோல் இன்ஜினிலும் செயின் நீளும் பழக்கம் உண்டு. 2007-இல் வந்த சி-கிளாஸில் ஸ்டீயரிங்கைப் பூட்டும் சின்ன மோட்டார் செத்துப்போய், சாவியைத் திருப்பினாலும் கார் கிளம்பாமல் நிற்பது இன்னொன்று.

இதையெல்லாம் அந்தக் கார்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. இவற்றில் சில என் மனதுக்கு மிகவும் பிடித்தவை. வியாதி எது என்று தெரிந்தால், அதற்கு வைத்தியம் பார்த்த சீட்டு இருக்கிறதா என்று கேட்கலாம் அல்லவா? என்47 கார் ஒன்றுக்குச் செயின் மாற்றிய பில் இருந்தால், அது பில் இல்லாத குறைந்த கிலோமீட்டர் காரைவிட நல்ல கார். கம்பெனிகளும் இந்தக் குறைகளைக் கண்டுபிடித்துப் பாகங்களை மாற்றியமைத்திருக்கின்றன. அதனால் ஒரு தலைமுறையின் முதல் வருடத்துக் காரைவிடக் கடைசி இரண்டு வருடத்துக் காரை எடுப்பதே என் விருப்பம். புது மாடல் வந்த பிறகு பழைய முகம் என்று விலையும் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

ரீகால் என்று கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்து தரும் வேலைகளையும் பார்த்துவிட வேண்டும். தகாட்டா என்ற கம்பெனி செய்த ஏர்பேக் பற்றிய விவகாரம் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்களைத் தொட்டது. அந்த ஏர்பேக்கை ஊதும் மருந்து அம்மோனியம் நைட்ரேட். வருடக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டு அது கெட்டுப்போனால், விபத்தில் ஏர்பேக் விரியும்போது அதன் உலோகக் கூடு உடைந்து ஆள் மேல் தெறிக்கும். இதில் உயிர்கள் போயிருக்கின்றன. 2000-களின் தொடக்கத்து 3 சீரிஸும் அந்தப் பட்டியலில் உண்டு. காரின் 17 எழுத்து அடையாள எண்ணைக் கொடுத்தால், அந்த வேலை நடந்ததா இல்லையா என்று கம்பெனி சர்வீஸ் மையத்திலேயே சொல்லிவிடுவார்கள். காசு செலவில்லாத வேலை. இதைக்கூடச் செய்யாமல் ஓட்டிய ஓனர் வேறு எதைச் செய்திருப்பார்?

ஓடிய தூரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள், எனக்கு அது நாலாவது ஐந்தாவது கேள்வி. மீட்டர் எண்ணைத் திருப்ப முடியும். தேய்ந்த ஸ்டீயரிங் தோலை, பிரேக் பெடலின் வழுவழுத்த ரப்பரை, ஓட்டுநர் இருக்கையின் கதவுப் பக்கத்து விளிம்பைத் திருப்ப முடியாது. நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று மீட்டர் சொல்கிறது, இருக்கையின் விளிம்பு நைந்து கிழிந்திருக்கிறது என்றால் இருக்கையை நம்புங்கள். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடிய ஒரு லட்சம் கிலோமீட்டர், நகருக்குள் தினமும் இரண்டிரண்டு கிலோமீட்டராக ஓடிய நாற்பதாயிரத்தைவிட நல்லது. டீசல் என்றால் இது இன்னும் முக்கியம். டீசல் காரின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் ஒரு வடிகட்டி உண்டு. புகையின் வெப்பம் சுமார் 600 டிகிரி வரை ஏறினால்தான் சேர்ந்த கரியை அது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள முடியும். கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் கார் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. வடிகட்டி அடைத்துக்கொண்டால் பெரிய செலவு. உங்கள் ஓட்டமும் அப்படிச் சின்னச் சின்ன ஓட்டம்தான் என்றால் டீசல் பக்கமே போக வேண்டாம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். இது காசு கொடுத்து வாங்கும் மாடு. பல்லை நன்றாகவே பிடித்துப் பார்க்கலாம்.

மூன்று மாதத் தேடலுக்குப் பிறகு ஒரு கார் அகப்பட்டது. எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதவில்லை, பெயரைச் சொன்னால் பேச்சு அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும். ஒன்பது வயது. வெள்ளி நிறம். ஒரே ஓனர். ஓய்வு பெற்ற பொறியாளர் அம்மா ஒருவர், தாமே ஓட்டியவர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு இரவில் ஓட்டப் பிடிக்கவில்லை என்று விற்கிறார். விலை மற்ற விளம்பரங்களைவிட அதிகம். அதனாலேயே யாரும் வரவில்லை போலும். நானும் மெக்கானிக் அண்ணனும் காலையில் போனோம். பானட்டில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. "நேத்து மதியம் நிறுத்தினது தம்பி, தொடவே இல்ல" என்றார் அந்த அம்மா.

அண்ணன் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு வலது முன்சக்கரத்தின் பக்கம் குனிந்து காதைக் கொடுத்தார். இன்ஜின் எழுந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று உதட்டுக்குள் எண்ணினார். தலையை மட்டும் மெல்ல ஆட்டினார். பிறகு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். மூடியின் உட்புறம் தயிர் படிந்தது போல் வெண்மையாக ஏதாவது ஒட்டியிருந்தால், ஒன்று வண்டி சூடேறும் அளவுக்கு ஓடவே இல்லை, இல்லாவிட்டால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் எண்ணெயில் கலக்கிறது. இதில் தேன் நிறத்தில் மெல்லிய படலம் மட்டும்தான் இருந்தது.

டயர்களைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தோம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர். நாலும் ஒரே கம்பெனியாக, நல்ல கம்பெனியாக, ஏறக்குறைய ஒரே தேதியாக இருந்தால் அந்த ஓனர் கஞ்சத்தனம் பண்ணவில்லை. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காருக்கு நாலு வகையில் பெயர் தெரியாத டயர் மாட்டியவர், கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்க்கு என்ன ஊற்றியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். இந்த வகைக் கார்கள் பலவற்றில் ரன்-ஃபிளாட் டயர் வரும். காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டிப் போகலாம். அதனால் டிக்கியில் ஸ்டெப்னி இருக்காது. அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண டயர் போட்டிருந்தால், பஞ்சரானால் என்ன செய்வது என்பதற்கும் வழி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

அண்ணன் கையில் பெயின்டின் தடிமன் அளக்கும் சின்னக் கருவி ஒன்று உண்டு. கம்பெனிப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். மறுபடி அடித்த இடத்தில் அதுபோல் இரண்டு மடங்கு காட்டும், உள்ளே பட்டி பார்த்திருந்தால் ஆயிரத்தைத் தாண்டும். இந்தக் காரில் இடது பின்கதவு மட்டும் 260 காட்டியது. அவர் கேட்கும் முன்பே அந்த அம்மா, "அது ஒரு பைக்காரர் உரசிட்டுப் போனது, பில்லு இருக்கு" என்றார். மறைக்காமல் வந்த அந்த ஒரு வாக்கியம் எனக்கு மீதிக் கதவுகள் எல்லாம் சரியாக இருந்ததைவிடப் பெரிதாகப் பட்டது.

காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தோம். பழைய தவறுக் குறியீடுகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதாது. யாராவது காலையில்தான் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உங்களுக்குக் காட்டலாம். அழித்தால் காரின் கணினி தன் சுயபரிசோதனைகளை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவை முடியாமல் நிற்கின்றன என்று ஸ்கேனர் காட்டினால், அண்மையில் யாரோ துடைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஓடிய தூரமும் பல கார்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கணினிப் பெட்டிகளில் பதிவாகியிருக்கும். மீட்டரில் ஒன்று, கியர்பாக்ஸ் பெட்டியில் வேறொன்று என்றால் கிளம்பிவிடலாம்.

ஓட்டிப் பார்த்தோம். ரேடியோவை அணைத்துவிட்டு, ஏசியைக் குறைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து கொஞ்ச தூரம், மூடிக் கொஞ்ச தூரம். மெதுவாகப் போகும்போது கியர் மாறுவது தெரியக்கூடாது. தெரிந்தால், எண்ணெய் மாற்றியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். இங்கேதான் ஒரு பெரிய குழப்பம் நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய் ஆயுளுக்கும் போதும், மாற்றவே வேண்டாம் என்று கார் கம்பெனிகள் சில சொல்லி வந்தன. அந்தக் கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அதிகபட்சம் எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. ஆயுள் என்பது யாருடைய ஆயுள்? முதல் ஓனரின் ஆயுள் முடிவது நாலாவது வருடத்தில். நமக்கு அங்கேதான் தொடங்குகிறது. செய்தவன் சொல்வதைக் கேட்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. ஆடி ஏ4 கார்கள் பலவற்றில் வந்த ஏழு வேக இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸுக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும் என்று கம்பெனியே எழுதியிருக்கிறது. அதைத் தவறவிட்ட கார் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

சன்ரூஃப் பற்றியும் ஒரு வார்த்தை. கூரைக் கண்ணாடியின் நாலு மூலையிலும் மழைநீர் இறங்க மெல்லிய குழாய்கள் உண்டு. இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கூரைத் துணி வழியாக, கார்ப்பெட்டுக்கு அடியில், சில கார்களில் நேராக மின்னணுப் பெட்டிகள் மேலேயே இறங்கும். அண்ணன் ஒரு டம்ளர் தண்ணீரைக் கண்ணாடியைத் திறந்து மூலையில் மெதுவாக ஊற்றினார். பத்து விநாடியில் முன்சக்கரத்துக்குப் பின்னால் தரையில் சொட்டியது. நாலு மூலைக்கும் அப்படியே செய்தார். அந்த அம்மா பக்கத்தில் நின்று, "வருஷத்துக்கு ரெண்டு தடவை நானே ஊத்திப் பார்ப்பேன்" என்றார்.

பிறகு உள்ளே போய் ஒரு பைலையும் ஒரு நீள நோட்டையும் எடுத்து வந்தார்.

பைலில் பில்கள் தேதி வாரியாக. நோட்டு அவர் கையெழுத்தில். தேதி, கிலோமீட்டர், என்ன செய்தது, யார் செய்தது, எந்தப் பாகம். இன்ஜின் எண்ணெய் மாற்றம், கார் கம்பெனி சொன்ன கெடுவுக்கு முன்பாகவே, பதினைந்தாயிரம் காத்திருக்காமல் பத்தாயிரத்துக்கு ஒருமுறை. பிரேக் எண்ணெய் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒன்றுகூடத் தவறவில்லை. தெர்மோஸ்டாட்டும் தண்ணீர் பம்ப்பும் ஏழாவது வருடத்தில் ஒன்றாக மாற்றம். பக்கத்தில், "பம்ப் இன்னும் நன்றாகவே இருந்தது, ஆனால் பிரித்த கையோடு" என்று ஒரு குறிப்பு. பேட்டரி மாற்றிய நாளில், "கணினியில் பதிவு செய்தாயிற்று" என்று எழுதியிருந்தார். இந்த வகைக் கார்கள் பலவற்றில் பேட்டரியை மாற்றினால் புதிது வந்திருக்கிறது என்று காருக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பழைய பேட்டரிக்கு ஏற்றபடியே சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். பல மெக்கானிக்குகளே விட்டுவிடும் வேலை இது. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் இன்ஜின் என்பதால் உள்ளிழுக்கும் வால்வுகளைப் பெட்ரோல் கழுவாது, கரி ஏறும். அதை வால்நட் ஓட்டுப் பொடியைக் காற்றில் பீய்ச்சிச் சுத்தம் செய்த பில் ஒன்றும் இருந்தது. அண்ணன் அந்தப் பில்லைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

கடைசிப் பக்கத்தில் "தீராதவை" என்று ஒரு தலைப்பு. அதன் கீழே நாலு வரி. மூன்றைக் குறுக்கே அடித்திருந்தார். நாலாவது அப்படியே இருந்தது: "இடது பின்கதவு. மேடு பள்ளத்தில் டிக் டிக். மூன்று முறை பிரித்தும் காரணம் தெரியவில்லை." உரசலுக்குப் பெயின்ட் அடித்த அதே கதவு.

விற்கப் போகிற காரின் தீராத குறையைத் தன் கையால் எழுதி வைத்து, அதை வாங்க வந்தவன் கையில் கொடுக்கிற மனுஷியிடம் நான் விலை பேசவில்லை. அண்ணன் வெளியே வந்து, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி" என்றார். எனக்கு மனசு வரவில்லை. அந்த நோட்டுக் குறிப்புகளுக்குள் அவர் எவ்வளவு செலவழித்திருக்கிறார் என்று கூட்டிப் பார்த்தால், மலிவாக விளம்பரம் போட்டவர்கள் செய்யாமல் விட்டதெல்லாம் அங்கே இருந்தது. மற்ற காரை வாங்கியிருந்தால் அதே தொகையை நான் முதல் வருடத்திலேயே கட்டியிருப்பேன்.

என் கையிலிருந்த பணத்தில் நாலில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருந்தேன். இந்த வகைக் கார் வாங்கப் போகிற எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றைத்தான். மொத்தப் பணத்தையும் கொட்டி இன்னும் புதிய வருடம், இன்னும் பெரிய இன்ஜின், பத்தொன்பது அங்குலச் சக்கரம் என்று ஏறாதீர்கள். ஒரு படி இறங்கி வாங்குங்கள், சின்னச் சக்கரமே நல்லது, டயருக்கும் முதுகுக்கும். மீதியை வங்கியில் தனியாகப் போடுங்கள். முதல் ஆறு மாதத்தில் எனக்கு சஸ்பென்ஷனின் முன்பக்கக் கீழ்க் கைகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் இரண்டும் மாற்ற வேண்டி வந்தது. ரப்பர் ஒன்பது வருடத்தில் காய்ந்து வெடிப்பது இயற்கை, அதை நோட்டில் எதிர்பார்த்தே எழுதியிருந்தார். கியர்பாக்ஸ் எண்ணெயும் மாற்றினேன். ஓடு போன்ற பழைய எண்ணெய்த் தட்டைக் கழற்றியபோது காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மெல்லியதாக ஒட்டியிருந்தது. உலோகச் சில் ஒன்றுகூட இல்லை. அண்ணன் அதை விரலில் தேய்த்துக் காட்டிச் சிரித்தார்.

அந்த டிக் டிக் மட்டும் கூடவே வந்தது.

போன மாதம் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடது பின்கதவின் உள்பலகையைக் கழற்றினேன். ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கம்பியைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஸ்பீக்கர் திருகுகள் இறுக்கம். பூட்டுத் தண்டு இறுக்கம். மூன்று முறை பிரித்தவர்களும் இதையெல்லாம் பார்த்திருப்பார்கள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கதவின் அடிப் பள்ளத்தில், தண்ணீர் வடியும் துளை ஓரமாக விரலை விட்டுத் துழாவினேன். மெழுகு பூசிய மடிப்புக்குள், பாதி புதைந்து பாதி வெளியே ஆடிக்கொண்டு, ஒரு சின்னக் கறுப்புப் பிளாஸ்டிக் கிளிப். பெயின்ட் அடிக்கக் கதவைப் பிரித்தபோது உள்ளே விழுந்திருக்க வேண்டும். அதன் ஓரத்தில் வெள்ளிப் பெயின்ட் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது.

அன்று மாலையே அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் சிறிது நேரம் பேச்சே இல்லை.

"நாலு வருஷமா தேடினேன் தம்பி" என்றார். பிறகு, "எத்தனை கிலோமீட்டர்ல கிடைச்சுது?"

சொன்னேன்.

"நோட்டுல எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்மா."

"அந்த நாலாவது வரியையும் அடிச்சிடுங்க" என்றார்.